ஊசியைவிட ரத்தப் பரிசோதனை முக்கியம்

விசித்திரமான கொலைகளைத் தொகுத்துத் தரும் புத்தகங்களில் பெரும்பாலும் கொலைகாரனின் தந்திரம்தான் பக்கம் பக்கமாக வரும். குட்டு எப்படி உடைந்தது என்பது கடைசியில் அவசரமாக முடிந்துவிடும். நிதானமாகப் படிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். பாகூர் வழக்கையே பாருங்கள்.

1933 நவம்பர் 26, ஹவுரா ரயில் நிலையம். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள பாகூர் ஜமீன் குடும்பத்து இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டே ஊருக்குக் கிளம்புகிறார். கூட்டத்தில் கதர் உடுத்திய ஒருவன் உரசிக்கொண்டு போகிறான். கையில் சுருக்கென்று குத்துகிறது. சட்டையை விலக்கிப் பார்த்தால் ஊசித் தடம். 'இங்கேயே டாக்டரிடம் காட்டிவிடலாம்' என்கிறார்கள் உறவினர்கள். வழியனுப்ப வந்த மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் பினயேந்திரர், 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் சொத்துத் தகராறு உண்டு. சில நாளில் கடும் காய்ச்சலோடு கல்கத்தாவுக்குத் திரும்பிய அமரேந்திரர், டிசம்பர் 4 அன்று இறந்துபோகிறார்.

காய்ச்சலில் செத்தார் என்று கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால், உயிர் இருக்கும்போதே மருத்துவர்கள் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரத்தத்தைக் கிருமி வளர ஏற்ற கரைசலில் விட்டு வைப்பார்கள். கண்ணில் படாத அளவில் இருக்கும் கிருமியும் அதில் பெருகும். பிறகு இன்னதென்று இனம் காணலாம். முடிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ரத்தத்தில் இருந்தது பிளேக் கிருமி.

கல்கத்தாவிலோ அப்போது பிளேக் இல்லை. அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது? விசாரணை பம்பாய்க்குப் போனது. பினயேந்திரரின் நண்பரான தாராநாத் பட்டாச்சார்யா என்ற மருத்துவர், ஆராய்ச்சி என்று சொல்லி ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனையில் பிளேக் கிருமியைக் கையாண்டிருந்தார். அதன் வீரியத்தைப் பார்க்கச் சந்தையில் எலி வாங்கியதுவரை தெரியவந்தது. இருவரும் பம்பாயில் தங்கிய விவரமும் கிடைத்தது. இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது; 1936இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் முழுவதற்குமான நாடுகடத்தலாகக் குறைத்தது. ஊசி போட்டவன் மட்டும் கடைசிவரை சிக்கவில்லை.

ஒரு மருத்துவர் எடுத்த சிறிதளவு ரத்தம் இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை. அடுத்த முறை இப்படியொரு தொகுப்பைப் பிரிக்கும்போது, கொன்றவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை ஒதுக்கிவிட்டு, சந்தேகப்பட்டவர் யார், சோதித்தவர் யார், பதிவேட்டில் எழுதி வைத்தவர் யார் என்று தேடிப் படியுங்கள். செத்தவருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.