உஷார்! உங்கள் திருவிழா குழுவில் திருடன் உட்கார்ந்திருக்கலாம்

தலைக்கட்டு வரியை அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

ஆடி பிறந்துவிட்டால் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குழுக்களில் சத்தம் ஓயாது. காப்புக் கட்டு என்றைக்கு, கிடாய் எத்தனை, வேன் எத்தனை மணிக்கு, எல்லாம் அதில்தான். ஆள் விட்டுச் சொல்லியனுப்பிய சேதி இன்று கோவைக்கும் துபாய்க்கும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்ததும், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும் இந்த வழியில்தான். வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குகிறோமே, அதுதான் பயமாக இருக்கிறது.

தெற்கே ஒரு ஊர். பேர் வேண்டாம். வெளியூர்ப் பங்காளிகள் சேரட்டும் என்று குழுவின் லிங்க்கை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். ஒருவன் சேர்ந்தான். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரின் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் வாயே திறக்கவில்லை. வரி எவ்வளவு, யார் வசூல், எல்லாம் படித்தான். பொருளாளர் மஞ்சள் துண்டோடு நிற்கும் படத்தை எடுத்துத் தன் படமாக வைத்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி வந்தது. "இது என் புது நம்பர். பழைய கணக்கில் பணம் ஏறவில்லை. பந்தல்காரருக்கு இன்றைக்கே அட்வான்ஸ் தரணும். இந்த க்யூஆருக்கு அனுப்புங்க." குழுவில் போட்டிருந்தால் நிஜப் பொருளாளர் பார்த்திருப்பாரே! அதனால்தான் தனித்தனியாக.

19 குடும்பங்கள். ஆளுக்கு 2,000 ரூபாய். பொழுது சாய்வதற்குள் 38,000 போய்விட்டது.

போனது பணம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். "அவருக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?" என்று ஒரே ஒருவர் கேட்டார். அது போதாதா? பொருளாளர் காப்புக் கட்டுக்கே வரவில்லை. அவர் மனைவி சங்கிலியை அடகு வைத்து வரிப்பணத்தைக் கட்டினார். தப்பே செய்யாதவர்கள்!

இனி நான் சொல்வதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

புது நம்பர், புது க்யூஆர், உடனே பணம். மூன்றும் சேர்ந்து வந்தால் அது வலை. பழைய நம்பருக்கே போன் போடுங்கள். குரலைக் கேளுங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அது பொருளாளரின் பெயர்தானா? நாம் அவசரத்தில் தொகையைத்தான் பார்க்கிறோம், பெயரைப் பார்ப்பதே இல்லை.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. "நன்கொடையைத் திருப்பித் தருகிறோம், பின் நம்பர் போடுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

அழைப்பிதழ் என்று வருவது படமாகவோ பிடிஎஃப்பாகவோ இருக்கட்டும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் தொடாதீர்கள்! அது அழைப்பிதழே இல்லை, செயலி. உள்ளே இறங்கிவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி வரை திருடும். அண்ணன் மகனே கேட்டாலும் உங்கள் போனுக்கு வரும் வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைச் சொல்லாதீர்கள். அவன் வாட்ஸ்அப்பை ஏற்கெனவே எவனாவது பிடித்திருக்கலாம். அடுத்தது உங்களுடையது.

இன்னொன்று. சொல்லவே நெஞ்சு அடைக்கிறது. 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட உறவினரோடு காரில் போன 65 வயது அம்மா பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். காரணம், அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய். அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அதற்குள் போன உயிர்கள் போனதுதான். திருவிழாக் கூட்டத்தில் எவரையாவது படம் எடுத்து "உஷார்" என்று குழுவில் போடத் தோன்றினால், அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள், குழுவுக்கு அல்ல.

அட்மின்களே, ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அத்தனை முகத்தையும் உங்களுக்குத் தெரியுமா? அட்மின் சம்மதித்தால்தான் உள்ளே வரலாம் என்று அமைப்பில் மாற்றி வையுங்கள். வெளியில் சுற்றும் பழைய லிங்க்கை ரத்து செய்யுங்கள். வங்கிக் கணக்கை நோட்டீஸிலேயே அச்சடித்து, "இது மாறாது" என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அந்த ஊரில் மறுநாள் காலைதான் போன் செய்தார்கள்.

இன்று ராத்திரி உங்கள் குழுவைத் திறந்து உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழே வரை பாருங்கள். யாரென்று தெரியாத நம்பர் இருந்தால் குழுவிலேயே கேளுங்கள்: "இவர் யார் வீட்டுப் பிள்ளை?"