அரிக்கொம்பன் எந்த ஃபோல்டரில்?

2023 ஏப்ரல் 29. சூரியநெல்லியை அடுத்த சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கேரள வனத்துறை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது. அரிசி தேடி ரேஷன் கடைகளை உடைத்துப் பேர் வாங்கிய யானை அது. நான்கு கும்கிகள் நெருக்கித் தள்ளி லாரியில் ஏற்றின. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 அன்று அது எல்லை தாண்டிக் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு அனுப்பியது.

இந்த ஐந்து வாரக் கதையையும் போனில் குறித்துக்கொண்டே வந்த ஒரு செய்தியாளரை எண்ணிப் பாருங்கள். கம்பத்தில் எழுதிய குறிப்பை அவர் எங்கே போடுவார்? ‘இடுக்கி’ என்ற ஃபோல்டரிலா, ‘தேனி’யிலா, ‘வனவிலங்கு’விலா, ‘நீதிமன்றம்’ என்பதிலா? யானையை என்ன செய்வது என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றம் வரை போயிருந்ததே!

அந்தப் பக்கத்து நிலமே இப்படித்தான். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக சூரியநெல்லியில்தான் ஜீப் ஏற வேண்டும். பாதை கேரளத்தில் தொடங்குகிறது. தோட்டம் இருப்பதோ தமிழ்நாட்டின் தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் வட்டத்தில். ஃபோல்டர் என்பது ஒரு பொருளுக்கு ஓரிடம் மட்டுமே தரும். மலைக்கும் யானைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை.

இந்தச் சிக்கலை முறையாக அவிழ்க்கப் பார்த்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ‘மெக்கானோ’ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் கிரேனும் வரும், பாலமும் வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். 1933இல் அவருடைய கோலன் பகுப்புமுறை அச்சில் வந்தது.

‘1950களில் இந்தியாவில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றிய ஆய்வு’ என்று ஒரு நூல் வருகிறது என்று கொள்வோம். உறுப்பு, நோய், சிகிச்சை, நாடு, காலம் என ஒவ்வொன்றையும் தனி முகமாகக் கொண்டு, இடையில் நிறுத்தக்குறிகள் இட்டு, ஒரே எண்ணாகக் கோத்துவிடுவார் ரங்கநாதன். எல்லா விவரமும் அதில் இருக்கும். ஆனாலும் நூலகத்தில் ஒரு தடை அவரை விடவில்லை. அலமாரியில் புத்தகம் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். ஆகவே எந்த முகம் முன்னால் வர வேண்டும் என்று ஒரு வரிசையை முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது.

கணினியில் அந்தத் தடை இல்லை. கம்பம் குறிப்புக்கு யானை, தேனி, 2023 மே, நீதிமன்றம் என்று நான்கு குறிச்சொற்கள் போட்டால், நான்கு கேள்விகளில் எதைக் கேட்டாலும் அது வந்து நிற்கும். மேக் கணினிகளில் ‘ஸ்மார்ட் ஃபோல்டர்’ 2005இலேயே வந்துவிட்டது. ஆப்பிளின் நோட்ஸ் செயலிக்குக் குறிச்சொல்லும் ஸ்மார்ட் ஃபோல்டரும் 2021இல் சேர்ந்தன. பெயர்தான் ஃபோல்டர், உள்ளே எதுவும் கிடையாது. சேமித்து வைத்த ஒரு கேள்வி மட்டுமே அது. திறக்கும்போதெல்லாம் பொருத்தமான குறிப்புகளைப் புதிதாகத் தேடிக் கூட்டிவரும்.

ஆனால், கட்டுரை எழுத உட்காரும்போது வேறொரு தேவை தலைதூக்குகிறது. முந்நூறு குறிப்புகளில் இந்த வாரக் கட்டுரைக்கு வேண்டியவை பன்னிரண்டுதான். அவற்றுக்குப் பொதுவான குறிச்சொல் எதுவும் இல்லை. ‘இந்தக் கட்டுரைக்கு வேண்டும்’ என்பது மட்டுமே அவற்றை இணைக்கிறது. கட்டுரை அச்சேறியதும் அந்த உறவும் முடிந்துவிடும்.

காகிதக் காலத்தில் இதற்கு இருந்த ஏற்பாடு, மேசை மேல் குவியல். ஆய்வாளர் தாமஸ் மலோன் அலுவலக ஊழியர்களின் மேசைகளை ஆராய்ந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெயரிட்டு வரிசைப்படுத்திய கோப்பு ஒரு வகை. பெயரோ வரிசையோ இல்லாத குவியல் இன்னொரு வகை. குவியலைச் சோம்பேறித்தனம் என்று அவர் ஒதுக்கவில்லை. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்து ‘இந்த வேலை பாக்கி’ என்று நினைவூட்டுவது அதன் பயன். எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாத தாளை உடனே வகைப்படுத்தும் சுமையையும் அது தள்ளிப்போடுகிறது.

2001இல் ஸ்டீவ் விட்டேக்கரும் ஜூலியா ஹிர்ஷ்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அலுவலகம் மாறும் ஊழியர்களின் காகிதங்களை அவர்கள் பார்த்தார்கள். ஒழுங்காகக் கோப்பில் போடுகிறவர்களிடம் குப்பை குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. அவர்களிடம்தான் காகிதம் அதிகம் சேர்ந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்ததும் குறைவு. பயன்படுமா என்று தெரியும் முன்பே அவசரமாகக் கோப்பில் போட்டுவிடுவது ஒரு காரணம்.

ஆக, மென்பொருளுக்கும் குவியல் வேண்டும். குறிப்புச் செயலிகளில் இதற்கு இப்போது மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தற்காலிகக் குறிச்சொல். வேண்டிய பன்னிரண்டு குறிப்புகளிலும் ‘தற்_கம்பம்’ என்று ஒன்றை ஒட்டிவிடலாம். எளிது, குறிச்சொல் வசதி உள்ள எந்தச் செயலியிலும் நடக்கும். ஆனால் வேலை முடிந்ததும் கழற்ற மறந்தால், ஓராண்டில் குறிச்சொல் பட்டியலே காடாகிவிடும். முன்னால் ‘தற்_’ என்று ஒரே அடையாளம் வைப்பது இதற்காகத்தான். பட்டியலில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும், களைவது சுலபம்.

இரண்டாவது, ஒரு பட்டியல் குறிப்பு. புதிய குறிப்பு ஒன்றைத் திறந்து, அதில் பன்னிரண்டுக்கும் இணைப்புக் கொடுப்பது. மூலக் குறிப்புகளில் கை வைக்க வேண்டியதில்லை. எதற்குப் பின் எது வர வேண்டும் என்று வரிசைப்படுத்தலாம், ஏன் சேர்த்தோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். குறிச்சொல்லும் தேடலும் தராத வசதி இது. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 சீட்டுகளை ஆண்டதும் இதற்கு நெருங்கிய முறையில்தான். எண் போட்ட சீட்டு தன் இடத்தை விட்டு நகராது. ஒரு சீட்டில் மற்றொன்றின் எண்ணைக் குறித்துவைப்பார்.

மூன்றாவது, விரித்த பலகை. மேசை மேல் தாள்களைப் பரப்புவதுபோல் குறிப்புகளைத் திரையில் பரப்பி வைப்பது. 1990களின் நடுவில் கேத்தரின் மார்ஷலும் ஃபிராங்க் ஷிப்மனும் இதை மென்பொருளாகவே செய்து பார்த்தார்கள். இரண்டு குறிப்புகளுக்கு இடையே உறவு இருக்கிறது என்று தோன்றும், ஆனால் என்ன உறவு என்று சொல்லத் தெரியாது; அந்த நிலையில் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தாலே போதும் என்பது அவர்கள் கண்டது. ஒப்சிடியன் செயலியில் 2022 இறுதியில் வந்த ‘கேன்வாஸ்’ அந்த எண்ணத்தின் வாரிசு.

மூன்றிலும் சோதித்துப் பார்க்க வேண்டியது ஒன்றே: குழுவைக் கலைத்தால் குறிப்பு பிழைக்கிறதா? கல்யாணப் பந்தலைப் பிரித்தால் வந்த சொந்தக்காரர்கள் வீடு திரும்புவதுபோல் குறிப்புகள் தம் பழைய இடத்துக்குப் போக வேண்டும். பட்டியலையோ பலகையையோ அழித்தால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. சாதாரண ஃபோல்டருக்குள் குறிப்புகளை நகர்த்தி வைத்துவிட்டு அந்த ஃபோல்டரை அழித்தால், பல செயலிகளில் குறிப்புகளும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகும்.

எல்லாக் குழுவையும் கலைத்துவிடவும் முடியாது. 2018இல் மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்த அதே ஆகஸ்டில்தான் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. அப்போது கொழுக்குமலைப் பாதையில் எடுத்த ஒரு குறிப்பில் பூவும் இருக்கும், மண்சரிவும் இருக்கும், வராமல் போன சுற்றுலாப் பயணிகளும் இருப்பார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடியின் அடுத்த பெரிய பருவம் 2030. ‘குறிஞ்சி’ என்ற தேடலைச் சேமித்து வைத்தால், 2030இன் புதுக் குறிப்புகளும் அதில் தாமே வந்து சேரும். 2018இல் எவற்றை, எந்த வரிசையில், எதற்காக ஒன்றாக வைத்துப் பார்த்தோம் என்பதை அந்தத் தேடல் சொல்லாது. அதற்குக் கையால் எழுதிய பட்டியல் குறிப்பு ஒன்று, தலைப்பில் தேதியோடு, தனியே இருக்க வேண்டும்.