உப்பளக் காற்றைத் தாங்குமா மருந்துப் படலம்?

மரக்காணம் கடற்கரையில் உப்பும் மீனும் இறாலும் கிடைக்கின்றன. இறாலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தலையும் ஓடுமாகக் கழிக்கப்படுகிறது. அந்த ஓட்டில்தான் தோல்வழி மருந்து செலுத்தும் இயற்கைப் படலங்களுக்கான மூலப்பொருள் இருக்கிறது.

மாத்திரையாக விழுங்கும் மருந்துகள் பலவற்றின் ஒரு பகுதி, இரத்தத்தில் பரவும் முன்பே கல்லீரலில் சிதைந்துவிடுகிறது. தோலில் ஒட்டும் பட்டை இதனைத் தவிர்த்து, மருந்தைச் சீராகச் செலுத்தும். பயணக் குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபோலமைன் பட்டைக்கு 1979-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆயினும், தோலின் மேலடுக்கு எளிதில் வழிவிடுவதில்லை. பொதுவாக 500 டால்டனுக்கும் குறைந்த மூலக்கூறு எடையும் ஓரளவு கொழுப்பில் கரையும் தன்மையும் கொண்ட மருந்துகளே அதனை ஊடுருவுகின்றன.

இறால் ஓட்டின் சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் கைட்டின் எஞ்சும். அதனை அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் இதைக் கரைத்து, மருந்தும் சிறிது கிளிசரினும் கலந்து உலர்த்தினால் மெல்லிய படலமாகும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் கைட்டோசான் தயாரிப்பு முறையை உருவாக்கியுள்ளது. இரத்தக்கசிவை நிறுத்தும் காயக்கட்டுகளில் கைட்டோசான் ஏற்கெனவே பயன்படுகிறது. தோல்வழி மருந்துப் படலங்களோ பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

காரணங்கள் உண்டு. ஓட்டுக்கு ஓடு, தயாரிப்புக்குத் தயாரிப்பு கைட்டோசானின் தன்மை மாறுபடும். புரதம் முற்றிலும் நீங்காவிடில் ஒவ்வாமைக்கு இடமுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படலம் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊதினால் மருந்து வெளியேறும் வேகமும் மாறும்.

இங்குதான் உப்பளத் தொழிலாளியை நினைக்க வேண்டியுள்ளது. கொளுத்தும் வெயில், வழியும் வியர்வை, உப்புநீரில் வெடித்த தோல்: மூன்றும் அவருக்கு அன்றாடம். வெப்பம் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை விரைவாக உட்செலுத்தும். வெடித்த தோலோ தடையையே இழந்திருக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் சரியாக இருந்த அளவு, உப்பளத்தில் மிகையாகிவிடலாம். வியர்வையில் பட்டை கழன்றால் பயனற்றும் போகலாம்.

ஆகவே, இயற்கையானது என்பதாலேயே பாதுகாப்பானது என்று முடிவுகட்டலாகாது. நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் சோதித்த பின்னரே இத்தகைய படலங்களுக்கு ஒப்புதல் வழங்க வேண்டும். மூலப்பொருளைத் தரும் கடற்கரையின் மக்களுக்கும் பயன்பட்டால்தான் அது முழுமையான மருந்தாகும்.