வெட்டுப்புள்ளி அட்டவணையில் மாத்தளை நிரல்

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி எடுத்தவர் தகுதி பெற்றவராகிறார். அண்மைய ஆண்டுகளில் இப்படித் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வதோ நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும் தொகையினரை. தகுதி பெற்ற நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு இடமில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் நெருக்கடி இதைவிடப் பன்மடங்கு. பெறுபேறு வந்த அன்று ஊரார் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். ஆனால் மாத்தளை மாவட்டத்திலிருந்து, விரும்பிய பாடநெறிக்கு, கையிலுள்ள இசட் புள்ளி போதுமா என்ற கணக்குக்கு அந்தக் கேள்வி அதிகம் உதவாது. 75 எடுத்தவருக்கும் ஏ, 98 எடுத்தவருக்கும் ஏ.

இசட் புள்ளி ஒரு மாணவர் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்பதைச் சொல்வதில்லை. அதே பாடத்தில் அதே ஆண்டு தோற்றிய மற்றவர்களுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதைச் சொல்கிறது. பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் நாடளாவிய சராசரியைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படி வரும் மூன்று எண்களின் சராசரியே பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானங்களுடன் அச்சாகும் எண். ஓர் எடுத்துக்காட்டு: சராசரி 45, நியம விலகல் 20 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 1.25 கிடைக்கும். சராசரி 58, விலகல் 12 உள்ள பாடத்தில் அதே 70க்குக் கிடைப்பது 1.00. மூன்றாம் பாடத்தில் சராசரி 40, விலகல் 25 என்றிருக்க 65 எடுத்தால் அதுவும் 1.00. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.0833. எல்லாரும் திணறிய வினாத்தாளில் எடுத்த 65உம் எல்லாரும் ஊதித் தள்ளிய வினாத்தாளில் எடுத்த 70உம் இங்கே சமமாகிவிடுகின்றன.

இம்முறை 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் பிசகினால் முழுக் கணக்கும் பிசகும். பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் சேர்ந்து தோற்றிய 2011 பரீட்சையில் இரு சாராரையும் ஒரே குவியலாக வைத்துக் கணித்த இசட் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் செல்லாதவையாக்கி, மீளக் கணிக்கச் செய்தது. அந்த ஆண்டு மாணவர்கள் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

இசட் புள்ளி கணக்கின் பாதி, மறுபாதி மாவட்டம். அனுமதியைக் கையாளும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் வரை மக்கள்தொகை விகிதத்தில் 25 மாவட்டங்களுக்கும் பங்கிடப்படும். எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியது.

இந்த ஏற்பாட்டுக்கு முந்திய கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1971 அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளி, தமிழ் மொழி மூல மாணவருக்கு 250. தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 1977க்குப் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு மட்டும் வீதங்கள் மாறி மாறி இன்றுவரை நிலைத்துவிட்டது.

மாத்தளைக்கு இதில் முதலில் கவனிக்க வேண்டியது, அந்த 16 மாவட்டப் பட்டியலில் அது இல்லை என்பது. மத்திய மாகாணத்தில் நுவரெலியா மாத்திரமே பட்டியலில் உண்டு. மாத்தளையின் வடக்கு, கிழக்கு எல்லையிலுள்ள அநுராதபுரமும் பொலநறுவையும் உண்டு, யாழ்ப்பாணமும் உண்டு. வில்கமுவவிலோ லக்கலவிலோ படிக்கும் பிள்ளைக்கு உள்ள வசதியையும் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைக்கு உள்ள வசதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் இந்தப் பட்டியல் விசித்திரமாகவே தோன்றும். எனினும் விதி விதிதான். மாத்தளை மாணவர் 5 வீதத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது, மாவட்டத்தின் பருமன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளையின் மக்கள்தொகை 484,531. நாட்டின் மொத்தம் 20,359,439. பங்கு ஏறத்தாழ 2.4 வீதம். கண்டிக்கு இதே கணக்கில் 6.8 வீதம் வரும். ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், மாவட்டப் பங்கீட்டுக்குரிய 550இல் மாத்தளைக்கு விழுவது 13. மொத்தம் 200 இடங்களே உள்ள பாடநெறியானால் மூன்றுகூடத் தேறாது. அகில இலங்கைத் திறமையில் உள்ளே போகும் மாத்தளை மாணவர்கள் இந்தப் பதின்மூன்றில் இடம்பிடிப்பதில்லை. அவர்கள் ஐவர் என்றால், அடுத்த பதின்மூவருடன் சேர்த்து மாவட்டத்திலிருந்து பதினெட்டுப் பேர் போவர்.

ஆகவே பெறுபேற்றுத் தாளிலுள்ள எண்களில் மாவட்ட நிலைக்குத் தனி மதிப்பு உண்டு. மேற்சொன்ன 1,000 இடப் பாடநெறியில் மாவட்ட நிலை 12 உள்ளவர் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். 40 உள்ளவர் வேறு வழிகளையும் இப்போதே பார்த்து வைப்பது நல்லது. 20க்கும் 25க்கும் இடைப்பட்டவர்தான் தவிப்புக்குரியவர். அவருக்கு முன்னால் நிற்பவர்களில் சிலர் வேறு பாடநெறியை முதல் விருப்பமாகக் கொடுக்கலாம், சிலர் வெளிநாடு போகலாம், சிலர் விண்ணப்பிக்காமலே விடலாம். அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதை முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. சொல்வதாக வரும் எந்தப் பிரத்தியேக வகுப்பு ஆசிரியரையும் சற்றுச் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

சிறிய மாவட்டத்துக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டி வைக்கப்படும் எல்லையன்று. கடைசியாக இடம் பெற்ற மாணவரின் இசட் புள்ளியே வெட்டுப்புள்ளி. கொழும்பில் ஒரு பாடநெறிக்கு அறுபது பேர் தெரிவாகும்போது அறுபதாவது ஆளின் புள்ளி ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாது. மாத்தளையில் மூவரே தெரிவாகும்போது, அந்த மூன்றாமவர் யார் என்பதைப் பொறுத்து எண் மேலும் கீழும் துள்ளும். அதனால் கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியன்று. ஆணைக்குழு வெளியிட்ட அட்டவணைகளில் நான்கைந்து ஆண்டுகளின் மாத்தளை நிரலை அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். எல்லா ஆண்டு எண்களையும் தாண்டிய புள்ளி கையிலிருந்தால் வாய்ப்பு வலுவானது. எல்லாவற்றுக்கும் கீழே என்றால் வாய்ப்பு அரிது. எண்களின் நடுவே விழுந்தால், நடந்தாலும் நடக்கலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை. அருகிலுள்ள கண்டி நிரலையோ நாடளாவிய எண்ணையோ பார்த்துவிட்டு மனமுடைந்து போவது வீண் வேலை.

கலைப் பாடநெறிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தெரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நடக்கிறது; மாவட்டப் பங்கீடு கிடையாது. மாத்தளையின் தமிழ் மொழி மூல மாணவரைப் பொறுத்தவரை முழு விடயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. இரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தரம் வரை வரும் பிள்ளைகளில் கணிசமானோர் கலைப்பிரிவையே எடுக்கின்றனர். ஆய்வுகூடமும் விஞ்ஞான, கணித ஆசிரியர்களும் நகரப் பாடசாலைகளில்தான் ஓரளவு உண்டு என்பதே காரணம். விஞ்ஞானம் படிக்க விரும்பும் தமிழ் மொழி மூலப் பிள்ளை மாத்தளை நகரத்துக்கு வர வேண்டும்; இல்லையேல் கண்டிக்குப் போக வேண்டும். மாவட்டப் பங்கீடு சலுகை தருவது விஞ்ஞான, கணித, வர்த்தகப் பிரிவுகளில். தோட்டத்துப் பிள்ளை அதிகம் இருப்பதோ சலுகையில்லாத பிரிவில். மாவட்டத்துக்கு இடங்கள் ஒதுக்கும்போது தோட்ட மக்களின் தலைகளும் மக்கள்தொகையில் எண்ணப்படுகின்றன. அந்த எண்ணிக்கையால் கிடைக்கும் மருத்துவ, பொறியியல் இடங்களில் அவர்களின் பிள்ளைகள் போய்ச் சேர்வது குறைவு. மாவட்டத்தை ஓர் அலகாகப் பார்க்கும் முறை மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்ப்பதில்லை. இந்த முறையின் பெரிய குறை அதுவே.

கண்டிக்குப் போய்ப் படிப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. மாணவரின் மாவட்டம் பிறந்த இடத்தாலோ பிரத்தியேக வகுப்புக்குப் போகும் ஊராலோ தீர்மானிக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலையும் நிரந்தர வதிவிடமும் கணக்கில் எடுக்கப்படும். சாதாரண தரத்துக்குப் பின் பாடசாலை மாறியவர், தான் எந்த மாவட்டத்தில் கணிக்கப்படுவார் என்பதை அந்தந்த ஆண்டு அனுமதிக் கைநூலில் வாசித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பெறுபேற்றுத் தாளிலுள்ள மாவட்ட நிலையும் ஆணைக்குழு கணிக்கும் மாவட்டமும் பொருந்தாமல் போகவும் கூடும். வீட்டுக்கு அருகில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருப்பதால் மாத்தளை மாணவருக்கு அங்கே முன்னுரிமை எதுவும் கிடையாது. தெரிவு பாடநெறிக்கே, எந்தப் பல்கலைக்கழகம் என்பது விருப்ப ஒழுங்கும் புள்ளியும் சேர்ந்து முடிவு செய்யும்.

அந்த விருப்ப ஒழுங்கில்தான் பல பெற்றோர் தேவையில்லாத தந்திரம் செய்கின்றனர். கிடைக்காது என்று தோன்றும் பாடநெறியை முதலில் எழுதினால் மற்றவையும் கைவிட்டுப் போகும் என்று அஞ்சி, எளிதானதை மேலே போடுகின்றனர். முறை அப்படி இயங்குவதில்லை. பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி போதுமான முதலாவது பாடநெறி வழங்கப்படும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு எந்தப் பாதகமும் இல்லை. மேலே எழுதியது கிடைத்துவிட்டாலோ கீழே உள்ளவை போய்விடும். ஆகவே உண்மையான விருப்பத்தின்படி எழுதுவதே நல்லது. எழுதுவதற்கு முன் பாட அமைப்பையும் சாதாரண தரத் தகைமைகளையும் சரிபார்க்க வேண்டும். சில பாடநெறிகள் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறித்த சித்தியைக் கேட்கின்றன. மொறட்டுவையில் கட்டடக்கலை போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்காதவர் எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் பயனில்லை.

மயிரிழையில் தவறவிட்டவர் மீண்டும் தோற்றுவதா என்பது கடினமான கேள்வி. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். அனுமதிக்குப் பார்க்கப்படுவது அந்தந்த ஆண்டின் பெறுபேறு மட்டுமே. ஒரு தடவையில் எடுத்த நல்ல பாடத்தை அடுத்த தடவைக்குக் கொண்டு போக முடியாது. மூன்று பாடங்களில் ஒன்று மட்டும் சறுக்கியவருக்கு இரண்டாம் தடவை பெரும்பாலும் பலன் தரும். மூன்றிலும் சமமாக நடுத்தரமாக நிற்பவருக்கு ஓராண்டு உழைப்பு அதே அளவு பலன் தருமா என்பது சந்தேகமே. பொல்கொல்லையில் நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரிகள், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் டிப்ளோமாக்கள் ஆகியவற்றையும் அவர் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

முதற் தெரிவு முடிந்த பின்னும் கணக்கு மூடப்படுவதில்லை. இடம் பெற்றும் பதிவு செய்யாதவர்களின் வெற்றிடங்கள் அடுத்த சுற்றில் நிரப்பப்படும். சிறிய மாவட்டத்தில் ஒருவர் விலகினாலே அடுத்தவருக்கு இடமாகிவிடும். எனினும் இந்தச் சுற்றிலும் விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் மட்டுமே பார்க்கப்படும். புள்ளி குறைவு என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் தோட்டப் பாடசாலைகளில் இருக்கின்றனர். தகுதி பெற்ற ஒவ்வொருவரும் முடிவு திகதிக்குள் விண்ணப்பிப்பதை அதிபர்களும் வகுப்பாசிரியர்களும் உறுதி செய்ய வேண்டும்.