நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் நம் பிள்ளைகள்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் படித்த பிள்ளைகள் பெருகி வருகின்றனர். தறிக்குழியிலும் வயல் வரப்பிலும் உழைத்துத் தேய்ந்த கைகளே அவர்களைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. விண்ணப்பம் அனுப்பி, எழுத்துத் தேர்விலும் தேறி, நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்துவிட்டால், வீட்டில் முதலில் எழுகின்ற கேள்வி, “என்ன உடுத்திக்கொண்டு போவது?” என்பதுதான். அதற்குப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. கோட்டு, டை, புதிய பாதரட்சை ஆகியவற்றுக்காகக் கைமாற்று வாங்குவோர் உண்டு. வீட்டிலுள்ள குண்டுமணித் தங்கத்தை அடகு வைப்போரும் உண்டு. வேலை கிடைப்பதற்கு முன்னரே அதன் பெயரால் ஒரு கடன் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இந்தக் கடன் முற்றிலும் அவசியமற்றது என்று நாம் கருதுகிறோம். ஏன் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது. ஆயினும் கூட்டுறவு வங்கிகளின் உதவியாளர் பதவி, நியாயவிலைக் கடை விற்பனையாளர் பதவி முதலியவற்றுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் நேரில் அழைத்தே தேர்வு செய்கின்றன. தனியார் கம்பெனிகளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. ஆகவே நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் நாலைந்து பேர் அமர்ந்திருக்கும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து விடை கூறியே தீரவேண்டும்.

உடையைப் பற்றிய அச்சத்தை முதலில் அகற்றுவோம். தலைமைச் செயலக ஊழியரின் உடை குறித்துத் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணையில் பெண்களுக்குப் புடவையும், துப்பட்டாவுடன் கூடிய சல்வார் அல்லது சுடிதாரும் கூறப்பட்டன. ஆண்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் கூறப்பட்டதோடு வேட்டியும் இடம் பெற்றது. அதற்கு முன்னர், வேட்டி உடுத்தி வருவோரை மன்றங்களுக்குள் விட மறுக்கலாகாது என்று 2014-ஆம் ஆண்டில் நம் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. எனவே கோட்டும் டையும் இல்லாமற் போவது குறையே அன்று. நம் ஊர் வெயிலில் கோட்டு அணிந்து வரிசையில் காத்திருப்பவன், உள்ளே அழைக்கப்படும்போது வியர்த்துக் களைத்திருப்பான் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்திச் சட்டை, கருநிறக் கால்சட்டை, துடைத்த செருப்பு அல்லது ஜோடு, இவை வாலிபர்களுக்குப் போதும். பெண்களுக்குக் கரை சிறுத்த கைத்தறிப் புடவையைவிடப் பாந்தமான உடை வேறு உண்டோ?

ஆனால் கைத்தறித் துணிக்கு ஒரு பக்குவம் உண்டு. அதை நெய்யும் குடும்பத்தாரே சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர். புதிய பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். துணியை எடுத்தவுடன் தையற்காரரிடம் கொடுத்துவிட்டால், முதல் சலவைக்குப் பின் கழுத்து இறுகும். கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடும். ஆகவே துணியை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே தைக்கக் கொடுக்கவேண்டும். சாயத் துணியாயின் சாயம் கழிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வியர்வையில் சாயம் இறங்கி உள்ளாடையில் ஒட்டுகின்ற புடவையைத் தேர்வு நாளில் உடுத்தலாகாது.

கஞ்சி போடுவதைப் பற்றி நெசவாளர் வீட்டுக்கு நாம் பாடம் சொல்லவேண்டுமா? பாவுக்குக் கஞ்சி போடும் கைக்குச் சட்டைக்குக் கஞ்சி போடுவது பெரிதன்று. என்றாலும் ஒன்று சொல்வோம். வடிகஞ்சியை நன்றாக வடிகட்டி, தண்ணீர் கலந்து இளக்கியே பயன்படுத்துக. கெட்டிக் கஞ்சி கருநிறத் துணியில் வெண்திட்டாகப் பூத்துவிடும். உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் உலர்த்தி, சிறிது நீர் தெளித்துச் சுருட்டி வைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே தேய்த்தால் மடிப்பு நிற்கும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

இரண்டு மணி நேரம் பேருந்தில் இடிபட்டுச் சென்றால் எவ்வளவு தேய்த்த பருத்தியும் கசங்கும். ஆதலால் தேர்வுச் சட்டையைப் பையில் மடித்து எடுத்துச் சென்று, அங்கே மாற்றிக்கொள்வது நல்லது. புத்தம் புதிய புடவை விறைத்து நிற்கும். இரண்டு மூன்று முறை நனைத்துப் பழகிய புடவையே உடலோடு இணங்கும். முந்தின நாள் வாங்கிய செருப்பு காலைக் கடிக்கும். நொண்டிக்கொண்டு உள்ளே போகவேண்டியதாகும். நகங்களை வெட்டிக்கொள்க. சாயப்பட்டறையில் வேலை செய்த விரல்களில் நீலமோ சிவப்போ ஏறியிருந்தால் அதை மறைக்கவேண்டாம். அது அழுக்கு அன்று.

இனி, சான்றிதழ்கள். பெயரிலும் தலைப்பெழுத்திலும் உள்ள வேற்றுமையே நம்மவர்க்குப் பெருந்தொல்லை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் இருக்கும். சாதிச் சான்றிதழில் எழுத்து மாறியிருக்கும். அழைப்பு வந்தபின் இதைத் திருத்த ஓடினால் நாள் போதாது. விண்ணப்பம் போடும்போதே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பெயரையே மாற்றவேண்டியிருந்தால் அரசிதழில் வெளியிடுதல் வேண்டும். மூலச் சான்றிதழ்களையும், கையொப்பமிட்ட நகல்களையும் அழைப்பில் கேட்டுள்ள வரிசையில் அடுக்கிக்கொள்க.

இவற்றையெல்லாம்விட நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. “உன் தந்தை என்ன செய்கிறார்?” என்று கேட்கும்போது, நம் பிள்ளைகளிற் சிலர் தலை கவிழ்ந்து, “வீட்டில்தான் இருக்கிறார்” என்று முணுமுணுக்கின்றனர். “தறி நெய்கிறார், நானும் ஊடைக்குத் தார் சுற்றியிருக்கிறேன்” என்று நிமிர்ந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி தொழிலைப் பற்றியே வரக்கூடும். அதற்கு விடை கூற அந்தப் பிள்ளையைவிடத் தகுந்தவர் அந்த அறையில் இருக்கமாட்டார். ஆனால் தெரிந்ததைச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

உதாரணமாக, 40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன என்று கேட்டால் பட்டதாரிப் பிள்ளை விழிக்கிறான்; தந்தையோ நூலைத் தொட்டே நம்பரைச் சொல்லிவிடுவார். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு ராத்தல் எடையில் 40 சிட்டங்கள், அதாவது 33,600 கெஜ நூல் இருந்தால் அது 40-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். அவ்வாறே விவசாயி வீட்டுப் பிள்ளை, ஏக்கருக்கு 100 சென்ட் என்பதையும், ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர் என்பதையும், 100 கிலோ பருத்தியை அரைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகும், மிகுதியில் பெரும்பகுதி விதை என்பதையும் தடுமாறாமல் சொல்லவேண்டும். ஒரு மாலைப் பொழுது தந்தையோடும் தாயோடும் உட்கார்ந்து கேட்டால் இவை கைவந்துவிடும்.

கூட்டுறவு நிறுவனத்தில் வேலைக்குச் செல்வோர் கூட்டுறவைப் பற்றியும் அறிந்திருத்தல் முறை. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய பண்டகசாலையே நவீனக் கூட்டுறவுக்கு வழிகாட்டி. அந்த 28 பேரில் நெசவாளரும் இருந்தனர். நம் நாட்டில் முதற் கூட்டுறவுச் சட்டம் 1904-இல் வந்தது; சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் பிறந்தது. பங்குத்தொகை கொடுத்தவர் சங்கத்தின் உடைமையாளர். வைப்புத்தொகை போட்டவருக்குச் சங்கம் கடன்பட்டது. பங்கு எத்தனை இருப்பினும் வாக்கு ஒன்றே. இந்த வேற்றுமைகளை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட, சொந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது மேல். அறிக்கை எல்லா அங்கத்தினருக்கும் கிடைக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது பொட்டலம் கட்டத்தான் பயன்படுகிறது!

தெரியாத கேள்விக்கு, “தெரியவில்லை ஐயா” அல்லது “தெரியவில்லை அம்மா” என்று சொல்லிவிடலாம். சுற்றி வளைப்பவரைக் கேட்போர் உடனே கண்டுகொள்வர். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்டு வரும் இடைத்தரகரிடம் பேச்சே வேண்டாம்.

சங்கங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அழைப்பு வந்த பிள்ளைகளை ஒரு மாலையில் சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லி, செயலாளரும், நிர்வாகக் குழுவினர் ஒருவரும், ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் மேஜைக்குப் பின்னே அமர்ந்து, அயலார் போலவே கேள்வி கேட்கலாம். பிள்ளைகள் அன்று தேர்வு உடையிலேயே வரட்டும். சட்டை பிடிக்கிறதா, குரல் எழும்புகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முதல் தடவை நா வறளும். மூன்றாம் தடவை வறளாது. பெண் பிள்ளைகளையும் தவறாமல் அழைக்கவேண்டும். குழுவில் பெண் அங்கத்தினர் ஒருவர் இருப்பது நலம். கேள்விகள் முடிந்ததும் சான்றிதழ்க் கட்டையும் பிரித்துப் பார்த்து, விடுபட்டது எது என்று சொல்லி அனுப்பலாம்.