9 பக்கத்துக்கு 4 மார்க்!

சின்னவளைப் பள்ளியில் சேர்த்த கையோடு நானும் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். "இந்த வயசிலே வக்கீலுக்குப் படிச்சு யாரை ஜெயிலுக்கு அனுப்பப் போறே?" என்றார் மாமியார். மாடல் பரீட்சையில் ஒப்பந்தச் சட்டப் பேப்பரைத் திருப்பித் தந்த அன்று, அவர் கேட்டது நியாயம்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது. 20 மார்க் கேள்விக்கு 9 பக்கம் எழுதியிருந்தேன். கிடைத்தது 4!

கேள்வி இதுதான்: வெளிநாட்டு வேலைக்குப் போன கணவன், மாதாமாதம் பணம் அனுப்புவதாக மனைவிக்கு எழுதிக் கொடுத்தான், அனுப்பவில்லை. அவள் வழக்குப் போடலாமா?

எனக்குத்தான் பால்ஃபர் வழக்கு தலைகீழ்ப் பாடமாயிற்றே! இலங்கையில் உத்தியோகம் பார்த்த பால்ஃபர், வைத்தியத்துக்காக இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். 'இது குடும்பப் பேச்சு, ஒப்பந்தமல்ல' என்று 1919-ல் கோர்ட்டு மனைவிக்குக் கையை விரித்தது. அதையும், 1872-ம் வருஷச் சட்டத்தில் எனக்குத் தெரிந்த பிரிவுகளையெல்லாமும் கொட்டி வைத்திருந்தேன்.

கீழ் வீட்டு வக்கீலம்மா பேப்பரை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, சமையற்கட்டிலே இருக்கிறதையெல்லாம் இலையிலே கொட்டினா விருந்தாயிடுமா? கேள்வியிலே 'பிரிந்து வாழும்'னு ஒரு வார்த்தை இருக்கே, பார்த்தியா?"

பார்க்கவேயில்லை! பால்ஃபர் வாக்குக் கொடுத்தபோது தம்பதி ஒற்றுமையாக இருந்தவர்கள். பிரிந்தவர்கள் என்றால் கதையே வேறு. மெரிட் என்பவர் வேறொருத்தியுடன் போனபின், 'வீட்டுக் கடனை அடைத்தால் வீடு உனக்கே' என்று மனைவிக்குக் கையெழுத்திட்டுத் தந்த காகிதம் செல்லும் என்று 1970-ல் தீர்ப்பாயிற்று. என் 16 மார்க்கும் அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்திருந்தது.

அன்றிலிருந்து முதல் 5 நிமிஷம் பேனாவைத் தொடுவதில்லை. பென்சிலால் ஒவ்வொரு விவரத்தின் கீழும் கோடு போட்டு, 'இதை ஏன் வைத்தார்கள்?' என்று கேட்டுக் கொள்வேன். பிறகு தகராறு எது, விதி எது, அது இந்த ஆசாமிகளுக்கு எப்படிப் பொருந்தும், முடிவு என்ன என்று வரிசையாக எழுதுவேன். மார்க் பெரும்பாலும் மூன்றாவதில்தான். அங்கேதான் நான் இரண்டே வரி எழுதியிருந்தேன்! எதிர்க்கட்சி வக்கீல் என்ன சொல்வார் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். பிரிவு எண் சந்தேகமா? விதியை மட்டும் சொந்த வார்த்தையில் எழுதிவிடுங்கள்.

20 மார்க்குக்கு 30 நிமிஷம்; ஆனதும் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்வி. குழந்தைகள் தூங்கியபின் அலாரம் வைத்து இதைப் பழகினேன்.

யூனிவர்சிட்டி பரீட்சையில் அதே பேப்பரில் 61. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், தன் தம்பியோடு உள்ள கிணற்றுத் தகராறை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் பென்சிலைத் தேடினேன்.