எலும்பு கூடியது, நடை கூடவில்லை

புது தில்லி: முறிந்த காலில் தகடும் திருகாணியும் பொருத்தியதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாகவே அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் கணக்கெழுதுகின்றன. நோயாளியின் பாடு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

எலும்பு கூடும்வரை காலில் பாரம் ஏற்றலாகாது. பாரம் ஏற்றாவிட்டால் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். மெலிந்த தசையைத் தேற்றவோ கனத்த எடையுடன் பயிற்சி தேவை. இந்த இக்கட்டுக்கு வழி கண்டவர் ஜப்பானின் யோஷியாகி சாட்டோ. 1973-இல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்தபோது, தாம் வகுத்த ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சியைத் தம் காலிலேயே செய்து பார்த்தார். போரில் காயமடைந்த வீரர்களுக்குப் பின்னாளில் அமெரிக்க ராணுவமும் இதைக் கையாண்டது.

முறை எளிது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைத் தொடையின் மேற்பகுதியில் கட்டிக் காற்றேற்றுவார்கள். தசைக்கு வரும் ரத்தம் குறையும்; திரும்பும் ரத்தம் தேங்கும். ஆக்சிஜன் குறைந்த தசை, தன்னால் தூக்க முடிந்த எடையில் 20 முதல் 30 சதவீதத்துக்கே கடுமையாக உழைக்கும். முதலில் 30 முறை, பிறகு மூன்று சுற்று 15 முறை என்பது வழக்கமான அளவு.

எளிது என்பதற்காக வீட்டில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வது விபரீதம். ரத்த ஓட்டம் முற்றிலும் நிற்கும் அழுத்தத்தை ஒவ்வொருவருக்கும் டாப்ளர் கருவியால் அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதமே வைக்க வேண்டும். கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு; உறைவு இருப்பவருக்கு இது கூடாது. ஆகவே, கருவியைவிடத் தேர்ந்த இயன்முறை மருத்துவரே முக்கியம்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வி. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'பேர்ட்' எலும்பு மருத்துவமனையும், ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகமும் திருப்பதியில் உள்ளன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது இவ்விரண்டும் சித்தூர் மாவட்டத்தின் கையை விட்டுப் போயின. சித்தூர்க்காரர்களுக்கு எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி. உண்டு, மேரி வர்கீஸ் 1966-லேயே மறுவாழ்வு மையம் கண்ட இடம். ஆனால், பலமனேர் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஊன்றுகோலுடன் வாரம் இருமுறை, மும்முறை பேருந்தேறி எத்தனை மாதம் வந்துபோவார்?

இயன்முறை மருத்துவர்களையும் உள்ளடக்கிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அதைச் செயல்படுத்துமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே மத்திய, மாநில அரசுகளுக்கு இரு மாதக் கெடு விதிக்க நேர்ந்தது. காப்பீட்டிலோ நிலைமை இதைவிட மோசம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் 15 நாள் செலவுக்கு மட்டுமே இடமுண்டு. 16-ஆம் நாளில் முறிந்த கால் இன்னும் தரையில் ஊன்றியிருக்காது.